ஊட்டி ரயிலுக்கு ஒரு கேமரா

கேமரா கடைக்குள் நுழைந்ததும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை எக்ஸ் ஜூம்?" அடுத்தது, "4கே வருமா?" கடைக்காரரும் பெட்டியைத் திருப்பி, இருப்பதிலேயே பெரிய எழுத்தில் அச்சடித்த எண்ணைக் காட்டுவார். அது முந்நூற்றைம்பது என்றிருந்தால் பக்கத்தில் முப்பது போட்ட பெட்டி பாவமாகத் தெரியும். ஆனால் அந்த முந்நூற்றைம்பது கிட்டத்தட்ட வெறும் மை. முப்பதுதான் நிஜம். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் எங்கள் வீட்டுக் கதை. சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து ஒரு ஹேண்டிகேம் கொண்டுவந்திருந்தார். (ஹேண்டிகேம் என்பது சோனி வைத்த வணிகப் பெயர். நகலெடுப்பதெல்லாம் ஜெராக்ஸ் ஆனது போல, கையில் பிடிக்கும் வீடியோ கேமரா எல்லாமே நமக்கு ஹேண்டிகேம் ஆகிவிட்டது. பொதுப்பெயர் கேம்கார்டர்.) 1999 கோடையில் அதை எடுத்துக்கொண்டு குடும்பமே கன்னியாகுமரி போனோம். அந்த டேப்பைச் சில வருடங்களுக்கு முன் கணினிக்கு மாற்றிப் பார்த்தோம். சாரம் கட்டிய திருவள்ளுவர் சிலை ஐந்து நிமிடம் ஆடுகிறது. விவேகானந்தர் பாறை முழு ஜூமில் நடுங்குகிறது. நடுவில் ஓர் எட்டு விநாடி மட்டும் அப்பத்தா வருகிறார். கேமராவைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார். என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை. காற்று மைக்கில் மோதி 'பொடபொட' என்ற சத்தம்தான் கேட்கிறது. இப்போது கேட்டுத் தெரிந்துகொள்ள அப்பத்தா இல்லை.

சிலையை எப்போது வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். அதனால் விடுமுறைக்கு கேமரா வாங்குபவர், முகமும் குரலும் ஒழுங்காகப் பதிவாகுமா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. ஜூமும் 4கேயும் அதற்குப் பின்னால்தான்.

அப்படிப் பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறேன். எந்தக் கேமராவைப் பார்த்தாலும் மனசுக்குள் அதை ஊட்டி மலை ரயிலில் ஏற்றிவிடுவேன். மேட்டுப்பாளையத்தில் காலையில் ஏறினால் உதகை போய்ச் சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம். தூரம் 46 கிலோமீட்டர்தான். வழியில் 16 சுரங்கங்கள். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரம் தண்டவாளத்தின் நடுவிலுள்ள பல்லைப் பிடித்துக்கொண்டு ஏறும். என்ஜின் பின்னாலிருந்து தள்ளும். குறுகலான பெட்டி, ஆட்டம், இருட்டு, கூச்சல், காற்று எல்லாம் ஒரே பயணத்தில் கிடைக்கும். இதில் தேறிய கேமரா வேறெங்கும் தேறும்.

சரி, போன் போதாதா?

பலருக்குப் போதும். அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று துண்டு துண்டாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதுதான் உங்கள் பழக்கம் என்றால் கேம்கார்டர் வாங்காதீர்கள். நல்ல போன்கள் இருட்டில் மலிவான கேம்கார்டரைவிடத் தெளிவாகவே எடுக்கின்றன. அந்தப் பணத்தில் ஒரு சின்ன மைக்கும் ஹார்டு டிஸ்க்கும் வாங்கிக்கொள்ளலாம்.

கேம்கார்டர் ஜெயிக்கும் இடங்கள் வேறு. தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுப்பது ஒன்று. நிறுத்தாமல் நீண்ட நேரம் எடுப்பது இன்னொன்று. பேட்டரி தீர்ந்தால் கழற்றிவிட்டு வேறொன்றைப் போடலாம். படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது மாமாவிடமிருந்து அழைப்பு வராது. சித்திரை வெயிலில் போன் சூடேறி, திரை மங்கி, பதிவு தானே நின்றுவிடும் அனுபவம் உங்களுக்கும் இருந்திருக்கும். கேம்கார்டர் மணிக்கணக்கில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது.

இங்கே ஒரு வேடிக்கை. முன்பெல்லாம் புகைப்படக் கேமராக்கள் பலவற்றில் வீடியோ 29 நிமிடம் 59 விநாடியில் தானாக நின்றுவிடும். பல வருடம் இப்படித்தான் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அப்போது அரை மணி நேரம் அல்லது அதற்கு மேல் தொடர்ந்து பதிவு செய்யும் கருவி வரிக் கணக்கில் 'வீடியோ கேமரா' ஆகிவிடும், சுங்கவரி கூடும் என்பதுதான் முக்கியக் காரணமாக இருந்தது. நம் ஊர்க் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் கேமரா நின்றுபோனதற்கு எங்கோ இருக்கும் வரிச்சட்டம் பொறுப்பு!

பெட்டிக்குள்: ஜூமைவிட அகலம்

மலை ரயில் பெட்டியில் எதிர் இருக்கைக்காரரின் முழங்கால் நம் முழங்காலில் இடிக்கும். அங்கே நாலு பேரை ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவர அகலமாகப் பார்க்கும் லென்ஸ் வேண்டும். ஜூம் அங்கே உதவாது. கேமரா விவரக் குறிப்பில் '35 மி.மீ.க்கு இணையான குவியத்தூரம்' என்று ஒரு வரி இருக்கும். அதில் இரண்டு எண்கள். சின்ன எண் லென்ஸ் எவ்வளவு அகலமாகப் பார்க்கும் என்பதைச் சொல்கிறது, பெரிய எண் எவ்வளவு தூரத்தை இழுக்கும் என்பதை. சின்ன எண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு அகலம். போன்களின் முதன்மைக் கேமரா 24 முதல் 26 வரை இருக்கும். கேம்கார்டரில் 30க்குக் கீழே தொடங்குவதாகப் பார்த்து வாங்குங்கள். 40ல் தொடங்கினால் பெட்டிக்குள் ஒரு மூக்கும் இரண்டு காதும்தான் கிடைக்கும்.

இப்போது அந்த 'எக்ஸ்' விஷயம். பெரிய எண்ணைச் சின்ன எண்ணால் வகுத்தால் வருவதுதான் எக்ஸ். கண்ணால் பார்ப்பதைவிட முப்பது மடங்கு கிட்டே வரும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. 26.8ல் தொடங்கும் லென்ஸ் 30 எக்ஸ் என்றால் 804 வரை போகும். 40ல் தொடங்கும் லென்ஸ் 20 எக்ஸ் என்றாலே 800 வரை போய்விடும். முதுமலையில் தூரத்து யானை இரண்டிலும் ஒரே அளவாகத்தான் தெரியும். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் குடும்பம் முதலாவதில் மட்டுமே முழுசாக அடங்கும். எக்ஸை மட்டும் பார்த்து வாங்கினால் இது தெரியாமலே போய்விடும்.

இதெல்லாம் லென்ஸுக்குள் கண்ணாடிகள் நகர்ந்து செய்யும் ஆப்டிகல் ஜூம். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் டிஜிட்டல் ஜூம் வேறு. பதிவான படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுவது மட்டுமே அதன் வேலை. பாஸ்போர்ட் போட்டோவை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து ஏ4 அளவுக்குப் பெரிதாக்குவது போல. முகம் பெரிதாகும், மூக்கு எது கன்னம் எது என்று தெரியாது. மெனுவில் டிஜிட்டல் ஜூமை முதல் நாளே அணைத்துவிடுங்கள்.

ஆட்டம்

பல்சக்கரப் பாதையில் பெட்டி குலுங்கிக்கொண்டே இருக்கும். கை நடுக்கத்தை அடக்க கேமராக்கள் இரண்டு விதமாக முயல்கின்றன. ஒன்றில், ஆட்டத்தை உணரும் நுண்கருவி சொல்லும் திசைக்கு எதிராக லென்ஸுக்குள் ஒரு கண்ணாடி நகர்ந்து ஈடுகட்டும். இது ஆப்டிகல். சோனியின் சில கேம்கார்டர்களில் லென்ஸ் தொகுதி முழுவதுமே கண் விழி போல மிதந்து திரும்பும். கேமராவை ஆட்டிப் பார்த்தால் கண்ணாடி தனியாக அசைவது வெளியிலிருந்தே தெரியும், பார்க்க வேடிக்கையாக இருக்கும். மற்றது எலக்ட்ரானிக். படத்தின் ஓரங்களை வெட்டிவிட்டு, மிச்சத்தை இப்படி அப்படி நகர்த்திச் சமன் செய்வது. நடந்துகொண்டே எடுக்க இது நன்றாகவே உதவுகிறது. ஆனால் ஓரம் வெட்டப்படுவதால் மேலே சொன்ன அகலம் குறையும். ஆப்டிகல் இருப்பதை வாங்குங்கள், எலக்ட்ரானிக்கைத் தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

கடையில் இதைச் சோதிப்பது சுலபம். முழு ஜூமில் வைத்து, ஒற்றைக் கையில் பிடித்து, எதிர்ச்சுவரில் உள்ள காலண்டரின் தேதியைத் திரையில் பாருங்கள். தேதியைப் படிக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் அந்த ஜூமை நீங்கள் பயணத்தில் பயன்படுத்தப் போவதில்லை.

சுரங்கத்துக்குள்

வெளிச்சம் குறைந்த இடத்தில் படம் புள்ளி புள்ளியாக வருவதற்குக் காரணம் சென்சாரின் அளவு. மொட்டை மாடியில் மழைக்கு ஒரு டம்ளரையும் ஓர் அண்டாவையும் வைத்தால் ஒரே நேரத்தில் எதில் அதிகத் தண்ணீர் சேரும்? சென்சார் என்பது வெளிச்சத்தைப் பிடிக்கும் பாத்திரம், வாய் அகலமாக இருக்க இருக்க நல்லது.

அளவை எழுதும் முறைதான் குழப்பம். 1/5.8, 1/2.5, 1 அங்குலம் என்று போடுவார்கள். பின்னம் என்பதால் கீழே உள்ள எண் பெரிதானால் சென்சார் சிறிது. இன்னொரு கூத்து, 'ஓர் அங்குல' சென்சாரை அளந்தால் ஓர் அங்குலம் இருக்காது. 13.2க்கு 8.8 மி.மீ.தான், மூலைக்கு மூலை அளந்தாலும் 16 மி.மீ.யைத் தொடாது. பழைய தொலைக்காட்சிக் கேமராக்களில் சென்சாருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் இருந்தது. அந்தக் குழாயின் வெளிவிட்டத்தைச் சொல்லிச் சொல்லிப் பழகியவர்கள், குழாய் போன பின்னும் கணக்கை மாற்றவில்லை.

மலிவான கேம்கார்டர்களில் 30 எக்ஸ், 50 எக்ஸ் என்று ஜூம் அள்ளித் தருவதற்கும் சென்சாருக்கும் தொடர்பு உண்டு. சென்சார் துக்கடாவாக இருந்தால் சின்ன லென்ஸிலேயே பெரிய ஜூம் வைத்துவிடலாம். விலை குறைவு, உடம்பும் கைக்கு அடக்கம். ஆனால் சுரங்கத்திலும் மாலை நேர ஏரிக்கரையிலும் அது திணறும். பகலில் மட்டும் எடுப்பேன் என்பவருக்கு அதுவே போதும். ராத்திரி ஹோட்டல் அறையில் பேரப்பிள்ளைகள் போடும் ஆட்டம்தான் முக்கியம் என்பவர் ஜூமைக் குறைத்துக்கொண்டு சென்சாரைப் பெரிதாக்க வேண்டும். கைக்கு எட்டும் விலையில் இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

வெளிச்சம் பற்றிப் பேசும்போது அமெரிக்க அத்தையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் கேமரா சொல்லிவிடுவது நம் குடும்பங்களில் சகஜம். அமெரிக்காவில் மின்சாரம் விநாடிக்கு 60 சுழற்சி, இங்கே 50. நம் ட்யூப்லைட் விநாடிக்கு 100 தடவை மங்கி எரிகிறது. நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். விநாடிக்கு 25 அல்லது 50 படம் எடுக்கும் கேமராவில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரே அளவு வெளிச்சம் விழும். 30 அல்லது 60 படம் எடுக்கும் அமெரிக்க மாடலில் ஒரு படத்துக்குக் கூடுதலாக, அடுத்ததற்குக் குறைவாக என்று மாறிக்கொண்டே இருக்கும். விளைவு, சத்திரத்தில் எடுத்த வீடியோவில் கருப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடும். ஷட்டர் வேகத்தை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தை உள்ளே விடும் நேரத்தை, கையால் 1/100 விநாடி என்று வைத்தால் சரியாகிவிடும். ஆனால் மலிவான மாடல்கள் பலவற்றில் ஷட்டரைத் தொட விடமாட்டார்கள். அதனால் மெனுவில் 50பி அல்லது 25பி (விநாடிக்கு 50 அல்லது 25 படம்) இருக்கிறதா, இரண்டு முறைக்கும் மாற்ற முடியுமா என்று கேட்டுவிட்டு அத்தைக்குச் சொல்லுங்கள். சிங்கப்பூரும் துபாயும் 50 சுழற்சி ஊர்கள்தான். சித்தப்பா கொண்டுவந்ததில் அந்தப் பிரச்சினை மட்டும் இல்லை.

காது

பெரும்பாலான வாங்கும் வழிகாட்டிகள் ஒலியைக் கடைசியில் ஒரு வரியில் முடித்துவிடும். நான் இதைத்தான் முதலில் பார்ப்பேன்.

கேமராவோடு வரும் மைக் எல்லாத் திசையிலிருந்தும் எல்லாவற்றையும் வாங்கும். ஜன்னல் காற்று அதன் மேல் மோதினால் சத்தம் குரலை மூடிவிடும். மெனுவில் உள்ள 'காற்றுச் சத்தம் குறை' என்ற வசதி ஓரளவுக்கு உதவும், கன்னியாகுமரிக் காற்றுக்கு அது போதாது. மைக்கின் சின்னத் துளைகள் மேல் ரோமம் போன்ற பஞ்சு உறை ஒன்று ஒட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும். பார்க்க எலிக்குட்டி போல இருக்கும், பிள்ளைகள் தடவிக்கொண்டே இருப்பார்கள். அவ்வளவுதான் அதன் குறை.

அடுத்தது, கேமராவில் 3.5 மி.மீ. மைக் துளை இருக்கிறதா என்று பாருங்கள். மலிவான மாடல்களில் முதலில் கைவைப்பது இதில்தான். துளை இருந்தால் நாளைக்கு நல்ல மைக் வாங்கிச் செருகிக்கொள்ளலாம். பக்கத்திலேயே ஹெட்போன் துளையும் இருந்தால் கேமரா என்ன கேட்கிறது என்று நீங்களும் கேட்கலாம். டேப் ஓடிக்கொண்டிருந்தபோது சித்தப்பா ஒரு தடவை காதில் வைத்துக் கேட்டிருந்தால் அப்பத்தாவை மறுபடி சொல்லச் சொல்லியிருப்பார்.

இன்னொரு நுணுக்கம். ஒலியளவைக் கேமரா தானே கூட்டிக் குறைக்கும். குன்னூருக்கு முன் நீராவி என்ஜின் கூவியதும் அது பயந்துபோய் அளவைச் சட்டென்று குறைத்துவிடும். அடுத்த சில விநாடிகள் குழந்தை பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். அளவைக் கையால் பூட்டி வைக்கும் வசதி இருந்தால் நல்லது. இல்லை என்றால், போனில் குரல் பதிவை ஓடவிட்டு பேசுபவரின் சட்டைப் பையில் போட்டுவிடுங்கள். தொடங்கும்போது கேமராவுக்கு முன் ஒரு தடவை கை தட்டினால் பிறகு இரண்டையும் பொருத்துவது எளிது.

4கே என்றால் எவ்வளவு பெரிய பீரோ?

ஃபுல் எச்டி படத்தில் சுமார் 21 லட்சம் புள்ளிகள். 4கேயில் சுமார் 83 லட்சம், அதாவது நாலு மடங்கு. பெரிய டிவியில் வித்தியாசம் தெரியும், பின்னால் படத்தை வெட்டிச் சரிசெய்யவும் வசதி. ஆனால் இடத்தைச் சாப்பிடும். விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. 64 ஜிபி கார்டு ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்காது, ரயில் குன்னூரைத் தொடும் முன்பே நிறைந்துவிடும். வீட்டில் பழைய லேப்டாப் இருந்தால் அது 4கே வீடியோவை ஓட்டும்போது மூச்சு வாங்கும். துக்கடா சென்சாரில் எடுத்த 4கேயைவிடப் பெரிய சென்சாரில் எடுத்த ஃபுல் எச்டி பார்க்க நன்றாகவே இருக்கும்.

கார்டு வாங்கும்போது யு3 அல்லது வி30 குறி இருக்கட்டும். விநாடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும் என்பதற்கான உறுதி அது. ஒரு 256 ஜிபி கார்டுக்குப் பதில் இரண்டு 128 வாங்குங்கள். ஒன்று தொலைந்தாலும் பாதிப் பயணமாவது மிஞ்சும்.

பேட்டரியைப் பற்றி ஒரே விஷயம். அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கும் நேரத்தில் பாதிதான் கையில் கிடைக்கும், ஏனென்றால் நாம் நிறுத்தி, ஜூம் செய்து, எடுத்ததை எல்லோருக்கும் போட்டுக் காட்டிக்கொண்டே இருப்போம். ஊட்டிக் குளிரில் இன்னும் குறையும். உபரி பேட்டரி ஒன்று கட்டாயம். விமானத்தில் போனால் அதைக் கைப்பையில் வையுங்கள், உபரி லித்தியம் பேட்டரியைச் செக்-இன் பெட்டியில் போடக்கூடாது.

குற்றாலத்துக்கு இந்தக் கேமரா வேண்டாம். அருவிச் சாரலும் கேம்கார்டரும் ஒத்துவராது. குளிக்கும் காட்சிதான் வேண்டும் என்றால் அதிரடி ஆட்டத்துக்கென்று வரும் கோப்ரோ போன்ற குட்டிக் கேமராவைப் பாருங்கள். 2016ல் வந்த ஹீரோ5 தொடங்கி கோப்ரோ மாடல்கள் பலவும் தனி உறை இல்லாமலே 10 மீட்டர் ஆழம் வரை தாங்கும். ஆனால் அதில் தூரத்து யானை எறும்பாகத்தான் தெரியும்.

வாங்காமல் விட வேண்டியவை

இணையத்தில் மிகக் குறைந்த விலைக்கு, முன்பின் கேள்விப்படாத பெயர்களில், '4கே, 48 மெகாபிக்சல், 16 எக்ஸ்' என்று கேம்கார்டர்கள் வருகின்றன. பார்க்க அசல் ஹேண்டிகேம் போலவே இருக்கும், சுழலும் திரை, மேலே பெரிய மைக் எல்லாம் உண்டு. விவரத்தை உன்னிப்பாகப் படித்தால் அந்த 16 எக்ஸ் டிஜிட்டல் ஜூம் என்று தெரியும். அதாவது ஜூமே இல்லை. உள்ளே இருப்பது பழைய போன் தரத்துச் சின்ன சென்சார், மெகாபிக்சல் எண்ணும் ஊதிப் பெருக்கியது. கையில் இருக்கும் போனே இதைவிட நன்றாக எடுக்கும். 'ஆப்டிகல் ஜூம்' என்ற சொல் விவரக் குறிப்பில் இல்லை என்றால் மேலே படிக்கவே வேண்டாம்.

பழைய சாமானாக வாங்குவதில் தவறில்லை. நல்ல நிறுவனத்தின் ஐந்தாறு வருடப் பழைய கேம்கார்டர் இந்தப் புதுப் போலியைவிட எவ்வளவோ மேல். மெமரி கார்டில் பதிவதாக மட்டும் பாருங்கள். டேப்பும் குட்டி டிவிடியும் இன்று தலைவலி. லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், சிலந்தி வலை போல வெள்ளையாகத் தெரிந்தால் பூஞ்சை. சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களின் ஈரத்தில் இது சுலபமாகப் பிடிக்கும். வாங்கிய பிறகு நீங்களும் கேமராவை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் லென்ஸ் வேர்த்துவிடும். கதவைத் திறக்கும் முன் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, கால் மணி நேரம் கழித்து வெளியே எடுங்கள்.

ஊர் திரும்பிய அன்றே கார்டில் இருப்பதை இரண்டு இடத்தில் நகலெடுங்கள். அதற்கு முன் கார்டை அழிக்க வேண்டாம். சில கேமராக்கள் நீண்ட பதிவைப் பல துண்டுகளாக வெட்டிச் சேமிக்கும், அதனால் வீடியோக்களை மட்டும் பொறுக்காமல் முழு ஃபோல்டரையும் அப்படியே எடுத்துவிடுங்கள்.

அப்புறம், ரயில் கிளம்பும் முன் எடுக்கும் முதல் துண்டில் தேதி, ஊர், கூட வந்தவர்கள் யார் யார் என்பதை யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொல்லட்டும். எங்கள் கன்னியாகுமரி டேப்பில் எல்லாக் குடும்பப் படத்திலும் ஓரமாகப் பச்சைச் சட்டை போட்டு ஒருவர் நிற்கிறார். அவர் யாரென்று இன்றுவரை வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.